தலைப்புக்குக் கீழே ஒரு வரி

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கோணலார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சம்பளப் பிரிவில் இருக்கும் பெண்ணைத் தவிர வேறு யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை. நாங்கள் ஒரு செய்தித்தாளின் இணையப் பிரிவில் வேலை பார்த்தோம். நான் செய்திகளுக்குத் தலைப்பு எழுதுகிறவள். நான் எழுதியதை வலைப்பக்கமாக ஆக்குகிறவர் அவர். அதற்கு ஒவ்வொரு வரிக்கும் முன்னும் பின்னும் கோண வடிவ அடைப்புக்குறி போட்டு, உள்ளே ‘இது தலைப்பு’, ‘இது பத்தி’, ‘இது படம்’ என்று கம்ப்யூட்டருக்குப் புரிகிற சுருக்கத்தில் எழுத வேண்டும். டேக் என்பார்கள். காலையிலிருந்து மாலைவரை அந்தக் கோணக்குறிகளோடு மல்லுக்கட்டியதால் கோணலார் ஆனார். மனிதர் அதற்காக வருத்தப்பட்டதில்லை. வருத்தப்பட அவருக்கு வேறு விஷயங்கள் இருந்தன.

அவற்றில் முதலாவது துணைத்தலைப்பு.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. கல்யாணமான, தலையில் பாதி நரைத்த ஒரு மனிதர், துணைத்தலைப்புக்கு என்ன டேக் போடுவது என்ற கவலையில் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். “வேற வேலை இல்லையா உங்களுக்கு?” என்று கேட்டிருக்கிறேன். “இதுதாங்க வேலையே” என்பார்.

விஷயம் இவ்வளவுதான். மேலே பெரிய எழுத்தில் தலைப்பு. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி. கண்ணால் படிக்கிறவருக்கு அதில் ஒரு குழப்பமும் கிடையாது. கம்ப்யூட்டருக்கு அப்படி இல்லை, ஒவ்வொரு வரியும் என்னவென்று அதற்குச் சொல்லியாக வேண்டும். கீழே இருக்கும் வரியும் தலைப்புதான் என்று சொன்னால், அது அதைத் தனிச் செய்தியாக எடுத்துக்கொள்ளும். தலைப்பு இல்லை, சும்மா ஒரு பத்தி என்று சொன்னால், மேலே இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதது போல் விட்டுவிடும். இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்பது கோணலாரின் கட்சி. இரண்டு வரிகளையும் சேர்த்து ஓர் உறைக்குள் போட வேண்டும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று, பிரித்துப் பார்த்தால் இரண்டு.

இந்த டேக்குகளையெல்லாம் முடிவு செய்ய ஒரு குழு இருந்தது. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. பல தேசங்களில் உட்கார்ந்துகொண்டு மின்னஞ்சல் மின்னஞ்சலாக எழுதிச் சண்டை போட்டார்கள். கோணலாரும் அதில் ஓரமாக ஓர் ஆள். அவர்களிடம் மூன்று கட்சி இருந்தது. துணைத்தலைப்பும் தலைப்புதான், இரண்டாம் நிலைத் தலைப்பாகப் போடு என்று ஒரு கூட்டம். பத்தியாகப் போட்டுத் தொலை என்று ஒரு கூட்டம். உறைக் கட்சியில் கோணலாரோடு சேர்த்து ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். உறைக்கென்று ஒரு டேக் பரீட்சார்த்தமாக ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்தது, அதை வைத்திருப்பதா எடுப்பதா என்பதுதான் சண்டை. குழுவின் தலைவர் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். ‘உறை இல்லாவிட்டால் யாருக்குக் கஷ்டம்? ஓர் உதாரணம் காட்டுங்கள்.’

உதாரணம் கோணலாரின் வீட்டிலேயே இருந்தது. அவருடைய அக்கா.

அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தவர். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற நோய் சத்தமில்லாமல் வந்து முதலில் ஓரப் பார்வையை எடுத்துக்கொண்டது, பிறகு நடுப் பார்வையையும். வேலை போயிற்று. கல்யாணம் வேண்டாம் என்று முன்பே தீர்மானித்திருந்தவர். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, தம்பி வீட்டின் பின்பக்க அறைக்கு வந்து சேர்ந்தார்.

தம்பி மனைவியை ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் தொல்லையே. அக்கா தண்ணீருக்குக் கை நீட்டினால் டம்ளர் தானாக வந்து கையில் உட்காரும். கதவுப் பக்கம் போனால் கதவு ஏற்கெனவே திறந்திருக்கும். “நீங்க உக்காருங்க அண்ணி, நான் எதுக்கு இருக்கேன்?” என்று ஒரு குரல் எப்போதும் பின்னாலேயே வரும். முதல் தடவை நான் அந்த வீட்டுக்குப் போனபோது, அந்தப் பெண் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அக்கா என்னிடம் சொன்னார்.

“அவ தங்கமான பொண்ணு. ஆனா நான் ஒரு பொம்மை மாதிரி ஆயிட்டேம்மா. எடுத்து வைக்கறா, தொடைச்சு வைக்கறா. நானா ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா?”

அக்கா தானாகச் செய்துகொள்ள மிஞ்சியிருந்தது ஒன்றுதான், காலையில் பேப்பர் படிப்பது. ஸ்கிரீன் ரீடர் என்று ஒரு சாஃப்ட்வேர் உண்டு. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும். எங்கள் பேப்பரின் பக்கத்தைத் திறந்து ஒரு கீயைத் தட்டினால் முதல் தலைப்பைச் சொல்லும், மறுபடி தட்டினால் அடுத்த தலைப்பு. நாம் கண்ணை மேலோட்டமாக ஓடவிடுவதை அக்கா காதால் செய்வார். பிடித்த செய்தி வந்தால் நின்று உள்ளே போவார், இல்லையென்றால் அடுத்ததற்குத் தாவுவார். எவ்வளவு வேகமாக ஓடவிட்டிருப்பார் என்றால், எனக்கு அந்தக் குரலில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. அந்த நேரத்தில் தம்பி மனைவியால் அவருக்கு எந்த உதவியும் செய்ய முடியாது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு தெம்பு இருக்கும்.

அப்போது எங்கள் பக்கத்தில் துணைத்தலைப்பும் இரண்டாம் நிலைத் தலைப்பாகத்தான் இருந்தது. முதல் கூட்டத்தின் வேத வாக்குப்படி அல்ல, கோணலாருக்கு முன்பு அதைப் போட்டவருக்கு எழுத்தின் அளவு பிடித்துப்போனதால். அக்கா ஒருநாள் தம்பியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஏண்டா, உங்க பேப்பர்ல எது செய்தி, எது செய்தியோட வால்னு எனக்கு எப்படித் தெரியும்? நேத்து ஒரு தலைப்பு, ‘ஒட்டகச்சிவிங்கி இறந்தது’. அடுத்த தட்டு, ‘அமைச்சர் இரங்கல்’. அடுத்த தட்டு, ‘இன்று உடல் அடக்கம்’. யாரோட உடல்? ஒட்டகச்சிவிங்கியா, அமைச்சரா, இல்ல நடுவுல வேற யாராவது போயிட்டாங்களா?”

விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். கோணலார் அதை அப்படியே குழுவுக்கு எழுதினார். அங்கேயும் சிரித்தார்கள். பல தேசங்களிலிருந்து சிரிக்கிற முகமாக வந்து விழுந்தது. பிறகு எல்லோரும் அடுத்த விவாதத்துக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நாளில் முடிவும் வந்தது. உறை தேவையில்லை, உபயோகிப்பவர்கள் குறைவு, எந்த ஸ்கிரீன் ரீடரும் அதைச் சட்டை செய்வதில்லை, ஆகையால் நீக்கப்படுகிறது. துணைத்தலைப்பைப் பத்தியாகப் போடவும்.

அன்று கோணலார் யாரோடும் பேசவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. “உலகத்துல எவ்வளவோ நடக்குது, நீங்க ஒரு டேக் போனதுக்கு துக்கம் அனுஷ்டிக்கறீங்களே” என்றேன். அவர் மேசையில் இருந்த பேனாவை நேராக்கி வைத்துக்கொண்டே இருந்தார்.

உறை போய்விட்டதால் மிச்சம் இருந்தது இரண்டே வழி. கோணலார் இரண்டையும் தனித்தனிப் பக்கமாகச் செய்து வீட்டுக்குக் கொண்டுபோய் அக்காவைக் கேட்கச் சொன்னார். அக்காவுக்கு யோசிக்கவே நேரம் தேவைப்படவில்லை.

“வாலை வெட்டிடு. தலை மட்டும் போதும்.”

“அப்ப கீழ இருக்கற வரியைத் தாண்டிப் போயிடுவேக்கா.”

“வேணும்னா கீழ் அம்புக் கீயைத் தட்டிக் கேட்டுக்கறேன். எனக்குத் தெரியாதா? நீயும் அவளை மாதிரி என்னைப் பொத்திப் பொத்தி வைக்காதே.”

அந்தக் கடைசி வாக்கியம் கோணலாருக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாளே அலுவலகத்தில் கொடி பிடித்துவிட்டார். துணைத்தலைப்புகள் இனிப் பத்தி, தலைப்பு அல்ல. எங்கள் மேலாளருக்கு இதில் எதுவும் புரியவில்லை, பக்கம் பார்க்கப் பழையபடிதான் இருக்குமா என்று மட்டும் கேட்டார். பார்க்கப் பழையபடிதான் இருக்கும் என்று கோணலார் சொன்னார். எதிர்த்தது நான் ஒருத்திதான். தலைப்பில் எனக்கு இடம் கிடைப்பது நாலைந்து சொல்லுக்கு. பாதிச் செய்தியைக் கீழ் வரியில்தான் திணிக்கிறேன். அதைத் தலைப்பு இல்லை என்றால் என்ன அர்த்தம்?

“அது விளக்கம்தாங்க. அலங்காரம்” என்றார், கேன்டீனில் வைத்து.

“அலங்காரமா? ராத்திரி பகலா மண்டையை உடைச்சு எழுதறேன், அலங்காரமா?”

“தலைப்புன்னா அது ஒண்ணே போதுமானதா இருக்கணும். கீழ் வரி இல்லாம நிக்காதுன்னா, தலைப்பை நீங்க சரியா எழுதலைன்னு அர்த்தம்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மாற்றம் வந்த மறுநாள் அக்காவே எனக்குப் போன் செய்தார். “இன்னிக்கு டீ ஆறறதுக்குள்ள மொத்தப் பேப்பரையும் முடிச்சுட்டேன்மா!” அந்தக் குரலைக் கேட்ட பிறகு யார்தான் கோபத்தோடு இருக்க முடியும்? கோணலாரிடம் போய், “சரி, நீங்க ஜெயிச்சீங்க” என்று ஒப்புக்கொண்டேன். அவர் காது சிவந்துவிட்டது. குழுவில் தோற்ற மனிதருக்கு வாழ்க்கையில் அது ஒன்றுதான் வெற்றி என்று நினைக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் போக்குவரத்துத் துறையின் தொலைபேசித் தகவல் மையத்துக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தது. பார்வை இல்லாதவர்களுக்கென்று சில இடங்கள். எழுத்துத் தேர்வு கம்ப்யூட்டரில், ஸ்கிரீன் ரீடர் வைத்து. தேர்வாகிறவர்களுக்கு மையத்தை ஒட்டியே ஒற்றை அறைக் குடியிருப்பு உண்டு. அக்காவுக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிந்தது. அடுத்த அறிவிப்பு வரும்போது அவர் விண்ணப்பிக்கவே முடியாது.

அக்கா அந்த ஒற்றை அறையைப் பற்றி என்னிடம் பேசியதெல்லாம் எனக்கு மனப்பாடம். அடுப்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும், சோப்பை எங்கே வைப்பார், வேலை முடிந்து வந்து யாரையும் கேட்காமல் விளக்கே போடாமல் உட்கார்ந்திருப்பார். “எனக்குன்னு ஒரு பூட்டு, எனக்குன்னு ஒரு சாவி. சாவியைத் தொலைச்சாலும் நான்தான் தொலைக்கணும்” என்பார். படிப்பில் இறங்கினார் பாருங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தோற்றார்கள். பேருந்துத் தடங்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். பயிற்சிக்காகக் கோணலார் முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போன் போடுவார், கோபக்காரப் பயணியாக.

“ஏம்மா, அரை மணி நேரமா நிக்கறேன், பஸ் எங்க?”

“மன்னிக்கணும் சார், நீங்க எந்த நிறுத்தத்துல நிக்கறீங்க?”

“அது தெரிஞ்சா நான் ஏன் உனக்குப் போன் பண்றேன்?”

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, மரியாதை குறையாமல் பதில் சொல்வார். தம்பி மனைவி இரண்டு அறைக்கும் நடுவில் நின்று இருவரையும் பார்த்துச் சிரிப்பாள். அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வாரக் கடைசியில், தேர்வில் ஏதோ மாற்றம் என்று பேச்சு அடிபட்டது. கூட விண்ணப்பித்திருந்த ஒருவர் சொல்லியிருக்கிறார், அவருக்கும் முழு விவரம் தெரியவில்லை. அக்கா துறையின் இணையதளத்தைத் திறந்தார். புதிய அறிவிப்பு ஒன்று இருந்தது. ஆனால் அதைத் தட்டச்சு செய்து போடாமல், கையெழுத்திட்ட தாளைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். ஸ்கிரீன் ரீடர் ‘படம்’ என்றது. மறுபடி தட்டினார். ‘படம்’ என்றது. பார்வை இல்லாதவர்களுக்கான தேர்வின் அறிவிப்பைப் படமாகப் போட்ட அந்தப் புண்ணியவானை நான் இன்றுவரை சபித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி மனைவியைக் கூப்பிட்டிருந்தால் ஒரு நொடியில் படித்துச் சொல்லியிருப்பாள். அக்கா கூப்பிடவில்லை. ஏன் கூப்பிட வேண்டும்? அவரிடம்தான் பேப்பர் இருந்ததே. மறுநாள் காலை எங்கள் பக்கத்தைத் திறந்து, தலைப்பு தலைப்பாகத் தாவிக்கொண்டே வந்தார். வந்துவிட்டது. ‘தகவல் மையத் தேர்வு: தேதியில் மாற்றமில்லை.’

அப்பாடா என்று அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். அவர் பதிலைத் தேடி வந்தார், பதில் கிடைத்துவிட்டது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஞாயிறு காலை எனக்கு அலுவலகத்தில் பணி. கோணலாரிடமிருந்து போன் வந்தது. பின்னால் வண்டிச் சத்தம்.

“நாங்க சென்டருக்கு வந்துட்டோங்க. கேட் பூட்டியிருக்கு. வாட்ச்மேன் ஒருத்தர்தான் இருக்கார். இங்க எந்தப் பரீட்சையும் இல்லைங்கறார். இடம் மாறிடுச்சாம், பேப்பர்லயே போட்டிருந்தாங்களாம். நம்ம பேப்பர்ல ஏதாவது இருக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

தேடி எடுத்தேன். முந்தைய வாரம் நான் விடுப்பில் இருந்தேன். தலைப்பை எழுதியது வேறொருவர். நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன், அதில் சந்தேகமே இல்லை. திரையில் இருந்ததை அப்படியே உரக்கப் படித்தேன்.

“‘தகவல் மையத் தேர்வு: தேதியில் மாற்றமில்லை.’ அதுக்குக் கீழ…” அந்த வரியை முதலில் எனக்குள் ஒரு தடவை படித்துக்கொண்டேன். “கீழ, ‘தேர்வு நடக்கும் இடம் மட்டும் நகரின் தென்கோடிக்கு மாற்றம்.’”

கோணலார் மெதுவாகக் கேட்டார்.

“கீழன்னா… துணைத்தலைப்பிலயா?”

“யோவ், முதல்ல டாக்ஸியைப் பிடிய்யா!” என்று கத்தினேன். அத்தனை வருஷத்தில் அவரை ஒருமையில் கூப்பிட்டது அன்றுதான்.

டாக்ஸி கிடைத்தது. அவர்கள் நின்றது வடகோடி. ஞாயிற்றுக்கிழமை என்று போக்குவரத்தும் குறைவாகத்தான் இருந்தது, ஓட்டுநரும் நல்ல மனிதர், முடிந்தவரை விரட்டினார். நான் வேலையை விட்டுவிட்டுத் துறையின் எல்லா எண்களுக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிறு, ஒருவரும் எடுக்கவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தேர்வு தொடங்கிவிட்டது. வாசலில் இருந்த அதிகாரி ஒரு பெண். அவருக்கும் மனசு கேட்கவில்லையாம். ஆனால் கம்ப்யூட்டர் தானாகவே நுழைவை மூடிவிட்டது, இனி அவரே நினைத்தாலும் திறக்க முடியாது. “பேப்பர்ல எல்லாம் போட்டிருந்தோமேம்மா” என்று அவரும் சொல்லியிருக்கிறார்.

அக்கா வாதாடவில்லை. “சரிங்க” என்றார். உள்ளே நூற்றுக்கணக்கான கீபோர்டுகள் தட்டப்படும் சத்தம் வாசல்வரை கேட்டதாம். கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, “போலாம்டா” என்றாராம்.

கோணலார் மறுநாள் வேலைக்கு வந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் இருந்திருக்கலாம், படுத்துக் கிடந்திருக்கலாம். வந்து உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாடிப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று. அக்காவே கேட்டதைத்தானே செய்தீர்கள், அந்தப் படத்தைப் போட்டவன்தான் குற்றவாளி, இப்படி ஏதேதோ சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

“நான் அந்தப் பக்கத்தைப் பாத்தேங்க.”

“எந்தப் பக்கத்தை?”

“அந்தச் செய்தி வந்த அன்னிக்குக் காலையில. தினம் ஒரு பக்கத்தைத் திறந்து, டேக் எல்லாம் சரியா இருக்கான்னு பாப்பேன் இல்ல? அன்னிக்கு அதைத்தான் திறந்தேன். தலைப்பு தலைப்பா இருந்தது. துணைத்தலைப்பு பத்தியா இருந்தது. எல்லாம் சரின்னு மூடிட்டேன்.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

“அந்த வரி என் கண்ணு முன்னாலதாங்க இருந்தது. அதுக்கு முன்னால இருந்த டேக்கைப் பாத்தேன், பின்னால இருந்த டேக்கைப் பாத்தேன். நடுவுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கல. எனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே.”

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். படிக்கட்டில் ஏறி வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

“அக்காகிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டேன்.

“எப்படிங்க சொல்றது?”

சொல்லவேயில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் குழுவுக்கு எழுதினார். ‘யாருக்குக் கஷ்டம்?’ என்று இத்தனை நாள் கேட்டார்களே, இப்போது அவர் கையில் பதில் இருந்தது. அக்காவின் தேர்வு, வயது வரம்பு, ஒற்றை அறை, எல்லாவற்றையும் எழுதினார். தான் பார்த்தும் படிக்காததையும் மறைக்காமல் எழுதினார். அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார். ஒரு சொல்லைக்கூட நான் திருத்தவில்லை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பலர் வருத்தம் தெரிவித்தார்கள், ஒருவர் நீளமாகவே எழுதியிருந்தார். தலைவரின் பதில் மூன்றாம் நாள் வந்தது. மிகவும் மரியாதையான பதில். உங்கள் சகோதரிக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறோம். ஆனால் இது டேக்கின் குறையல்ல. முக்கியமான தகவலைத் தலைப்பில் வைக்காதது பக்கத்தை உருவாக்கியவர்களின் பிழை. ஆகவே முடிவில் மாற்றமில்லை. இந்த விவாதம் இத்துடன் மூடப்படுகிறது.

நான் கொதித்துப்போனேன். “இவங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா? நல்லாத் திருப்பி எழுதுங்க. நீங்க எழுதலைன்னா நான் எழுதறேன்” என்றேன்.

“எதுக்குங்க?” என்றார் கோணலார். “சரியாத்தானே சொல்லியிருக்காங்க.”

அதன் பிறகு அவர் குழுவுக்கு எதுவும் எழுதவில்லை. எங்கள் பக்கத்தை மட்டும் மாற்றினார். தலைப்பையும் துணைத்தலைப்பையும் ஒரே தலைப்பு டேக்குக்குள் சேர்த்து, நடுவில் ஒரு நிறுத்தம் வைத்து, ஒரே மூச்சில் படிக்கும்படி செய்தார். குழுவின் விதிப்படி அது சரியா தப்பா என்று நான் கேட்டேன். தெரியாது என்றார். அவர் வாயிலிருந்து டேக் விஷயத்தில் அப்படி ஒரு பதில் வந்ததேயில்லை. மேலாளர் வழக்கம்போல, பார்க்கப் பழையபடிதானே இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு வாசகர்கூட அதைப் பற்றி எழுதவில்லை. நன்றாக வேலை செய்தது என்றுதான் அர்த்தம்.

போன மாதம் ஒரு காலை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கோணலார் குளித்துக்கொண்டிருந்தார். அக்கா முன்னறையில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் பருத்திருந்தார். தலை நன்றாக வாரிப் பின்னப்பட்டிருந்தது, அவர் பின்னிக்கொண்டதாகத் தெரியவில்லை. பக்கத்தில் தம்பி மனைவி போனில் எங்கள் பேப்பரைத் திறந்து வைத்துக்கொண்டு படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

“இப்பெல்லாம் நான்தான் அண்ணிக்குப் படிக்கறேன். பாவம், அந்த மெஷின் குரலைக் கேட்டுக் கேட்டு அவங்களுக்குத் தலைவலி வந்துடுது.”

“கம்ப்யூட்டர் ரிப்பேரா அக்கா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு” என்றார் அக்கா. “இவ நல்லாப் படிக்கறா.”

கோணலார் செய்த மாற்றத்தைச் சொல்லலாமா என்று நினைத்தேன். இப்போது ஒரு தட்டில் இரண்டு வரியும் சேர்ந்தே வரும், ஒன்றும் விட்டுப்போகாது, ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் அக்கா என்று. வாய்வரை வந்தது. அக்காவின் கைகள் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்ததைப் பார்த்தேன். சொல்லத் தைரியம் வரவில்லை.

அந்தப் பெண் டீயை ஆற்றி அக்காவின் கையில் வைத்து, பிடித்துக்கொண்டாரா என்று பார்த்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கணீரென்ற குரல். பெரிய எழுத்தில் இருப்பதை மட்டும் படித்துவிட்டு, சின்ன எழுத்தைத் தாண்டி விரலால் மேலே தள்ளி, அடுத்த தலைப்புக்குப் போனாள். இன்னொன்று படித்தாள். அதற்கும் கீழே ஒரு வரி இருந்தது, என் இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. அவள் தள்ளிவிட்டாள்.

“ம்” என்றார் அக்கா. கீழே என்ன போட்டிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.